ஆயுதத்தைக் கையளித்தல்: கொடுத்தவர்களும் கொடுக்க மறுத்தவர்களும்



2025-ஆம் ஆண்டு டிசம்பர் 14. திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. மகிழ்ச்சியின் ஞாயிறு என்று நாம் அழைக்கும் அந்த நாளில், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் உள்ள பான்டை கடற்கரையில் யூத மக்கள் தங்கள் ஒளி விழாவான ஹனுக்காவைக் கொண்டாடக் கூடியிருந்தனர். அங்கே ஒரு தந்தையும் மகனும் சேர்ந்து நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 15 பேர் கொல்லப்பட்டனர். அந்தத் தந்தை உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருந்தவர் என்பது பின்னர் தெரிய வந்தது. சில நாள்களில் அந்நாட்டு அரசு, மக்களிடம் உள்ள துப்பாக்கிகளை விலை கொடுத்துத் திரும்பப் பெறும் திட்டத்தை அறிவித்தது. உடனே எதிர்ப்புக் குரல்களும் எழுந்தன.

அந்த நாள்களில் நம் மணலி புதுநகரில் நடந்த ஓர் அன்பியக் கூட்டத்தில் ஒரு தாய் கேட்டார்: "ஃபாதர், இவ்வளவு பேர் செத்த பிறகும் துப்பாக்கிய திருப்பிக் குடுக்க அந்த ஊர்க்காரங்க ஏன் யோசிக்கிறாங்க? அவங்களுக்கு மனசே இல்லையா?"

அன்று நாம் ஏதோ ஒரு பதில் சொல்லி முடித்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. ஆயுதத்தைத் தானாக முன்வந்து கையளிப்பது என்பது ஒரு மனிதருக்குள் என்ன செய்கிறது? சிலர் ஏன் உடனே கொடுக்கிறார்கள்? சிலர் ஏன் ஒளித்து வைக்கிறார்கள்? இதைத் தெரிந்துகொள்வது நமக்கும் தேவை. ஏனெனில் துப்பாக்கி இல்லாத நம் தெருக்களிலும் ஆயுதங்கள் இருக்கின்றன.

போர்ட் ஆர்தர், 1996

1996 ஏப்ரல் 28. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் போர்ட் ஆர்தர் என்னும் சுற்றுலாத் தலத்தில் ஒரே மனிதன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். ஜான் ஹோவார்ட் பிரதமராகி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 12 நாள்களுக்குள், மே 10 அன்று, மாநில அரசுகள் அனைத்தும் ஒரு தேசிய உடன்பாட்டுக்கு வந்தன. தானியங்கும் வகைத் துப்பாக்கிகள் பலவும் தடை செய்யப்பட்டன. அவற்றைக் கொடுத்தவர்களுக்கு உரிய விலை தரப்பட்டது. அதற்கான பணத்துக்காக, மக்கள் மருத்துவத் திட்டத்துக்குச் செலுத்தும் வரி ஓர் ஆண்டுக்கு மட்டும் 1.5 சதவீதத்திலிருந்து 1.7 சதவீதமாக உயர்த்தப்பட்டது. 1996 அக்டோபர் முதல் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 6,50,000 துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன.

இது அமைதியாக நடந்துவிடவில்லை. ஜூன் மாதம் விக்டோரியா மாநிலத்தின் சேல் என்னும் ஊரில் துப்பாக்கி உரிமையாளர்களின் கூட்டத்தில் பேசிய பிரதமர், குண்டு துளைக்காத உடுப்பை அணிந்துகொண்டே மேடை ஏறினார். தம் மக்களையே நம்பாதது போல் அது ஆகிவிட்டது என்று பின்னாளில் அவரே வருந்தினார்.

அவரைவிட அதிகம் துன்பப்பட்டவர் துணைப் பிரதமர் டிம் ஃபிஷர். அவர் கத்தோலிக்கர், விவசாயி. வியட்நாம் போரில் படை அலுவலராகப் பணியாற்றியவர். அவருடைய தேசியக் கட்சிக்கு வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து விவசாயிகள், அதாவது துப்பாக்கி வைத்திருந்தவர்கள். அவர்களைத் தேடிச் சென்று, முகத்துக்கு முகம் நின்று, இந்தச் சட்டம் ஏன் தேவை என்று விளக்கினார். குவீன்ஸ்லாந்தின் ஜிம்பி நகரில் அவருடைய உருவ பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். அவர் பின்வாங்கவில்லை. 1998-ல் குவீன்ஸ்லாந்து மாநிலத் தேர்தலில் அவருடைய கட்சியின் ஆட்சி போனது. கோபமுற்ற கிராமத்து வாக்குகளில் பல ஒரு புதிய கட்சிக்குச் சென்றிருந்தன. இதே டிம் ஃபிஷர் 2009 முதல் 2012 வரை திருப்பீடத்துக்கான ஆஸ்திரேலியத் தூதராக உரோமையில் பணியாற்றினார். புனித மேரி மக்கிலோப் 2010-ல் புனிதராக உயர்த்தப்பட்டபோது அவரே தூதராக இருந்தார். 2019-ல் இறைவனடி சேர்ந்தார்.

கிறைஸ்ட்சர்ச், 2019

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு மசூதிகளில் தொழுகைக்கு வந்திருந்த 51 பேர் கொல்லப்பட்டனர். ஆறாவது நாளில் பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன் தடையை அறிவித்தார். ஏப்ரல் 10 அன்று நாடாளுமன்றத்தில் 119 பேர் ஆதரவாகவும் ஒரே ஒருவர் எதிராகவும் வாக்களிக்க, சட்டம் நிறைவேறியது.

ஆனால் சட்டத்துக்காகக் காத்திராதவர்களும் இருந்தார்கள். மாஸ்டர்டன் பகுதியைச் சேர்ந்த ஒரு விவசாயி, கொலை நடந்த சில நாள்களிலேயே தம் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். நிலத்தை அழிக்கும் விலங்குகளைச் சுடுவதற்கு அது அவருக்குப் பயன்பட்டு வந்தது. தமக்குக் கிடைக்கும் வசதியைவிட, அது தவறான கையில் சேர்ந்தால் வரும் ஆபத்து பெரிது என்று அவர் கருதினார். அதை வெளியே சொன்னதற்காக வசை மழை பொழிந்தது. அதில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது.

அந்த நாள்களில் பலர் இப்படி முன்வந்ததால் காவல்துறை ஒரு வேண்டுகோள் விடுக்க வேண்டியதாயிற்று. துப்பாக்கியுடன் நேராக நிலையத்துக்கு வந்துவிட வேண்டாம், முதலில் தொலைபேசியில் சொல்லுங்கள் என்பதே அது. நல்ல மனத்துடன் ஆயுதத்தைக் கொண்டு வருபவரைக்கூட மற்றவர் தவறாக நினைத்துவிடக் கூடும் அல்லவா?

பின்னர் ஜூலை முதல் டிசம்பர் 20 வரை விளையாட்டுக் கழகங்களிலும் குதிரைப் பந்தயத் திடல்களிலும் ஒப்படைப்பு நாள்கள் நடந்தன. வாங்கிய துப்பாக்கிகள் இயந்திரத்தில் நசுக்கப்பட்டன. பணம் வங்கிக் கணக்குக்குச் சென்றது. ஏறத்தாழ 33,000 பேர் 56,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைக் கொடுத்தார்கள். அப்போது எல்லாத் துப்பாக்கிகளுக்கும் பதிவேடு இல்லாததால், கொடுக்கப்படாமல் எத்தனை இருக்கின்றன என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கொடுத்தவர்களின் மனம்

இந்த நிகழ்வுகளில் துப்பாக்கி உரிமையாளர்கள் பேசியவற்றைக் கவனித்தால், நான்கு விதமான மனநிலைகளைக் காணலாம்.

முதலாவது, உடனே கொடுத்தவர்கள். இறந்தவர்களின் துயரம் தங்களையும் தொட்டது என்று உணர்ந்தவர்கள் இவர்கள். சட்டம் கேட்பதற்கு முன்பே மனச்சான்று கேட்டுவிட்டது.

இரண்டாவது, கண்ணீருடன் கொடுத்தவர்கள். அப்பாவுடன் முதன்முதலாக வேட்டைக்குப் போன நாளின் நினைவு, தாத்தா விட்டுச் சென்ற பொருள், பல ஆண்டு பயிற்சி செய்த விளையாட்டு. இரும்பும் மரமும் மட்டும் என்று நாம் நினைப்பது அவர்களுக்கு ஒரு குடும்ப வரலாறு. பிரிட்டனில் 1996 மார்ச் 13 அன்று டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் அவர்களின் ஆசிரியையும் கொல்லப்பட்டபின் கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்டன. 1,60,000-க்கும் மேற்பட்ட கைத்துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டன. அந்த விளையாட்டில் வாழ்நாளைச் செலவிட்ட பலர் வருத்தத்தோடுதான் கொடுத்தார்கள். ஆயினும் கொடுத்தார்கள்.

மூன்றாவது, கோபத்தோடு கொடுத்தவர்கள். "எவனோ செய்த கொலைக்கு நாங்கள் ஏன் தண்டனை பெற வேண்டும்? உரிமம் வாங்கினோம், விதிகளை மதித்தோம், இன்று எங்களைக் குற்றவாளி போலப் பார்க்கிறீர்கள்" என்பது இவர்களின் வாதம். கிடைத்த விலை போதாது என்ற மனக்குறையும் சேர்ந்துகொண்டது. இந்தக் கோபத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. செய்யாத குற்றத்துக்குச் சுமை சுமப்பது யாருக்கும் எளிதல்ல. பிறருடைய உயிருக்காக அந்தச் சுமையை ஏற்பதே தியாகம். ஆனால் தியாகத்தை அவமானத்தோடு சேர்த்துக் கேட்டால் யார் தருவார்?

நான்காவது, கொடுக்க மறுத்து ஒளித்தவர்கள். குழாய்களில் அடைத்து மண்ணில் புதைத்தவர்களும் ஆஸ்திரேலியாவில் உண்டு. இவர்களை ஆட்டுவித்தது பெரும்பாலும் அச்சமும் அவநம்பிக்கையும். நாளை எனக்கு ஆபத்து வந்தால் யார் காப்பாற்றுவார்? நான் கொடுத்துவிட்டு அவன் கொடுக்காவிட்டால்?

துப்பாக்கியைக் கொடுத்ததால் நாடு முழுவதும் மாறிவிட்டது என்று நாம் மிகைப்படுத்தவும் வேண்டாம். போர்ட் ஆர்தருக்குப் பின் நெடுங்காலம் அந்த அளவுக்கு ஒரு துப்பாக்கிச் சூடு ஆஸ்திரேலியாவில் நடக்கவில்லை என்பது உண்மை. 40 லட்சத்துக்கும் அதிகமான துப்பாக்கிகள் அங்கே மீண்டும் சேர்ந்துவிட்டன என்பதும் உண்மை. ஒரு தலைமுறை கீழே வைத்ததை அடுத்த தலைமுறை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக மனம் திரும்ப வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில்

இது வெளிநாட்டுக் கதை மட்டும் அல்ல. 2019 டிசம்பரில் நம் நாட்டின் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டது. ஒருவர் உரிமத்தோடு மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்றிருந்தது. அதை ஒன்றாகக் குறைக்க அரசு முதலில் முன்மொழிந்தது. எதிர்ப்பு எழவே, இரண்டு என்று முடிவாயிற்று. மூன்றாவதை ஓராண்டுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்றனர். முன்னோர் வைத்துவிட்டுப் போனதை எப்படிக் கொடுப்பது என்ற அதே குரல் இங்கும் ஒலித்தது.

மணிப்பூரை நாம் மறக்க முடியாது. 2023 மே 3 அன்று தொடங்கிய வன்முறையில் காவல்துறையின் ஆயுதக் கிடங்குகளிலிருந்து ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் கொள்ளை போயின. 2025 பிப்ரவரி 20 அன்று ஆளுநர் அஜய் குமார் பல்லா, ஏழு நாளுக்குள் தாமாக ஒப்படைப்பவர்கள்மீது நடவடிக்கை இல்லை என்று அறிவித்தார். பின்னர் மார்ச் 6 வரை நாள் நீட்டிக்கப்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் ஆயுதங்கள் வந்தன. மீதி வரவில்லை. மலையில் இருப்பவர்கள் பள்ளத்தாக்கில் இருப்பவர்களை நம்பவில்லை. அவர்கள் இவர்களை நம்பவில்லை. கோயிலும் வீடும் எரிந்ததைக் கண்ணால் கண்டவரிடம், அச்சம் வேண்டாம் என்று வாயால் சொல்லிவிட்டால் போதுமா?

நம் தமிழகத்தில் கல்வராயன் மலை, ஜவ்வாது மலை, பச்சைமலை, தர்மபுரி, கிருஷ்ணகிரி காட்டோரக் கிராமங்கள் ஆகிய இடங்களில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள் உண்டு. காட்டுப்பன்றி பயிரை அழிக்கிறது என்பதே பலரும் சொல்லும் காரணம். குழலில் மருந்தைக் கெட்டித்துச் சுடும் பழைய வகைத் துப்பாக்கிகள் அவை. காவல்துறையும் வனத்துறையும் அவ்வப்போது ஊர்ப் பெரியவர்களை அழைத்துப் பேசி, தாமாகக் கொடுத்தால் வழக்கு இல்லை என்று அறிவிப்பதுண்டு. அதன்பின் ஒரு காலையில் ஊர் எல்லையிலோ, கோயில் அருகிலோ, மரத்தடியிலோ துப்பாக்கிகள் கிடக்கும். யார் வைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

அந்த மரத்தடியை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். கொடுக்க மனம் இருந்தும் முகம் காட்டத் துணிவில்லாதவருக்கு அங்கே ஒரு வழி கிடைக்கிறது. அவருடைய மானம் காப்பாற்றப்படுகிறது. ஊர்ப் பெரியவர் ஒருவரின் சொல்லை நம்பி அவர் இருட்டில் நடந்து வந்து வைத்துவிட்டுப் போகிறார். அதிகாரத்தின் மிரட்டலுக்குப் பணியாத இரும்பு, நம்பிக்கைக்குப் பணிந்துவிடுகிறது.

பேதுருவின் வாள்

திருவிவிலியத்தில் ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொல்லப்பட்ட ஒரு மனிதரை நமக்கு நன்றாகத் தெரியும். இறுதி இரா உணவு முடிந்த வேளையில் சீடர்கள் ஆண்டவரிடம் தங்களிடம் இரண்டு வாள்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள் (லூக்கா 22:38). அப்பமும் கிண்ணமும் பகிரப்பட்ட அதே இடத்தில் வாளும் இருந்தது! ஆண்டவர் அவர்களை வெளியே துரத்தவில்லை.

பின் தோட்டத்தில் பேதுரு வாளை உருவி, தலைமைக் குருவின் பணியாளர் மால்குவின் காதை வெட்டுகிறார் (யோவான் 18:10). அன்பினாலும் அச்சத்தினாலும் அவர் அதைச் செய்தார். ஆண்டவர் இரண்டு காரியங்களைச் செய்கிறார். வாளை உறையில் போடச் சொல்கிறார். வெட்டுண்ட காதைத் தொட்டுக் குணமாக்குகிறார் (லூக்கா 22:51). ஒருவர் கையிலிருந்த ஆயுதமும் இன்னொருவர் உடலிலிருந்த காயமும் அவருக்கு ஒரே நேரத்தில் முக்கியமாயின. இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் அமைதி வராது.

திருச்சபை தற்காப்புக்கான உரிமையை மறுப்பதில்லை. அதே வேளையில் ஆயுதங்களின் உற்பத்தியையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்துவது அரசின் உரிமை மட்டும் அல்ல, கடமையும்கூட என்று மறைக்கல்வி ஏடு கற்பிக்கிறது (எண் 2316). திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 மே 8 அன்று மக்களுக்குக் கூறிய முதல் வாழ்த்திலேயே, ஆயுதம் ஏந்தாததும் பிறரின் ஆயுதத்தையும் இறக்கி வைக்கச் செய்வதுமான அமைதியைப் பற்றிப் பேசினார். 2026-ஆம் ஆண்டின் உலக அமைதி நாளுக்கும் அதையே கருப்பொருளாகத் தந்தார்.

கோயில் முற்றத்தில்

மெக்சிகோ நாட்டில் ஒரு முயற்சி நடந்து வருகிறது. ஆயுதம் வேண்டாம், அமைதி வேண்டும் என்ற பொருள்படும் பெயருடன் தலைநகரில் தொடங்கி, 2025 ஜனவரியில் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. அந்த நாடளாவிய தொடக்கம் குவாதலூப்பே அன்னையின் பேராலய முற்றத்தில் நிகழ்ந்தது. மக்கள் துப்பாக்கியைக் கோயில் முற்றத்துக்குக் கொண்டு வருகிறார்கள். பெயர் கேட்பதில்லை, எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பதில்லை. பணம் தருகிறார்கள். ஆயுதத்தை அங்கேயே அழித்துவிடுகிறார்கள். பிள்ளைகள் பொம்மைத் துப்பாக்கியைக் கொடுத்து வேறு விளையாட்டுப் பொருள் வாங்கிச் செல்கிறார்கள்.

ஏன் கோயில் முற்றம்? 1522-ல் புனித லொயோலா இஞ்ஞாசியார் மொன்செராத் மலையில் தம் வாளையும் குறுவாளையும் அன்னையின் பீடத்தருகே விட்டுச் சென்றார். தோற்றவராக அல்ல, வேறு ஒரு வாழ்வைத் தேர்ந்துகொண்டவராக அங்கிருந்து இறங்கினார். அன்னையின் முன் வைக்கும்போது அது காணிக்கையாகிறது. அதில் அவமானம் இல்லை.

நம் பங்கில்

வடசென்னையில் துப்பாக்கி அரிது. ஆனால் பீரோவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், வண்டியின் சீட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று சில தாய்மார்களுக்குத் தெரியும். நமக்கும் தெரியும்.

பல ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய ஒரு பங்கில், ஒரு தாய் செய்தித்தாளில் சுற்றிய பட்டாக்கத்தியோடு மாலை வேளையில் அறை வாசலில் வந்து நின்றார். மகனுடையது. என்ன செய்வதென்று கேட்டார். நாம் பதறிப்போய், "முதலில் இதை எங்கேயாவது தொலைத்துவிடுங்கள் அம்மா" என்றோம். அவர் அதைக் கழிமுகத்தில் வீசினார். மூன்றே மாதத்தில் அந்த மகனிடம் வேறொரு கத்தி இருந்தது. வாகனச் சோதனையில் பிடிபட்டுப் புழல் சிறைக்குச் சென்றான். அங்கே பார்க்கப் போனபோதுதான் நாம் அவனிடம் முதன்முதலாகக் கேட்டோம், எதற்காக வைத்திருந்தாய் என்று. "பயம் ஃபாதர். அவனுங்க என்னைத் தேடுறானுங்க. நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்றான்.

அந்த அச்சத்தை அவன் வீட்டாரும் கேட்கவில்லை, பங்குத்தந்தையாகிய நாமும் கேட்கவில்லை. கத்தி போனது, காயம் அப்படியே இருந்தது. பின்னர் எதிர்த்தரப்பு வீட்டுக்குப் பெரியவர்கள் சிலரோடு பலமுறை நடந்தோம். சமரசம் ஆக இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அந்த இளைஞன் இன்று கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். ஆனால் அந்தச் சிறை நாள்களை நம்மால் தடுத்திருக்க முடியும் என்பதை நாம் மறக்கவில்லை.

எனவே இறைமக்களே, இதை வெளிப்படையாகவே எழுதுகிறோம். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், அதைக் கையில் எடுத்துக்கொண்டு கோயிலுக்கு வர வேண்டாம். வழியில் அதுவே உங்களுக்கு ஆபத்தாகும். முதலில் நீங்கள் வாருங்கள். நாம் கேட்கிறோம். சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரை அழைத்துக்கொள்வோம். கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்க நாமும் உடன் வருவோம். உங்கள் மகனைத் தேடுகிறவர்கள் வீட்டுக்கும் நாமே நடந்து போவோம். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டது நம்மோடு கல்லறைக்கு வரும் என்பதையும் நீங்கள் அறிவீர்கள்.

அன்பியத்தில் கேட்ட அந்தத் தாய்க்கு இன்று நாம் சொல்லும் பதில் இதுதான்: அவர்களுக்கும் மனம் இருக்கிறது அம்மா. அந்த மனத்தில் அச்சமும் நினைவும் மானமும் இருக்கின்றன. அவற்றை யாராவது கேட்டு, தாங்கிக்கொண்டால் கை தானாகத் திறக்கும்.

நம் அன்பியங்களில் சிந்திக்க:

1. நம் தெருவில் யார் அச்சத்தோடு வாழ்கிறார்? அவரிடம் அதைப் பற்றி யாராவது கேட்டிருக்கிறோமா?

2. நம் பிள்ளைகள் கேக் வெட்டப் பட்டாக்கத்தியை எடுப்பதும், கத்தியோடு படம் எடுத்துப் பகிர்வதும் விளையாட்டா? நாம் எப்போது பேசப் போகிறோம்?

3. நாம் கொடுக்க மறுத்து ஒளித்து வைத்திருக்கும் பகை எது?

செபம்: ஆண்டவரே, பேதுருவின் வாளை உறையில் போடச் செய்து, மால்குவின் காதைக் குணமாக்கினீர். எங்கள் தெருக்களில் ஆயுதம் வைத்திருப்போரின் அச்சத்தை நீக்கியருளும். வெட்டுண்டவர்களின் குடும்பங்களைத் தேற்றியருளும். கொடுக்க வருகிறவரை அவமானப்படுத்தாத இதயத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.